உண்ட வீடு

வியாழன் காலை ஆறரை மணி. செகெத் நகரம்.
திசா ஆற்றுப் பாலத்தில் மூடுபனி;
லாரிகள் இரண்டிரண்டு விளக்குகளாக மட்டும்
கடந்து போகின்றன.
நான் எலிகள் இருக்கும் மாடிக்கு ஏறுகிறேன்.

பதினான்காம் கூண்டு. வெள்ளைப் பெண் எலி.
பத்து வாரமாக அவள் குடிப்பது மருந்துத் தண்ணீர்.
குடலில் பாக்டீரியா என்று
பேர் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.
அந்தக் காலி வீட்டில்தான்
ஈஸ்டைக் குடிவைத்தோம்.

இன்றைக்கு இரண்டு புழுக்கை.
சிமிழில் விழுந்த சத்தம்கூட இல்லை.
கரைத்து, தட்டில் தேய்த்து,
சூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு
கை கழுவுகிறேன்.

என் தம்பி கெர்கோவுக்கும் ஈஸ்ட்தான் பிழைப்பு.
சந்தை மூலையில் ரொட்டிக்கடை.
அவனுடையது செல்லம் கொடுத்து வளர்ந்த பிள்ளை:
சர்க்கரையைக் கண்டால்
மூச்சு விடவும் மறந்து தின்னும்,
தின்றதில் பாதியைக் காற்றாய் ஊதிவிடும்.
அந்த ஊதலில்தான் கடை வாடகை.
"உன்னோடது என்ன தின்னுது?" என்பான்,
முழங்கை வரை மாவோடு.

என்னுடையதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை.
சர்க்கரையை எல்லாம் மேலேயே
எலி வாரிக்கொள்கிறாள்.
கீழே வந்து சேர்வது
இருட்டும் வெதுவெதுப்பும் எச்சிலும்.
முதல் சில நாள் எண்ணிக்கை விழுந்துகொண்டே வந்தது.
முடிந்தது கதை என்று
நோட்டில் பென்சிலால் எழுதியும் வைத்தேன்.

அது சுவரை நக்கத் தொடங்கியிருந்தது.
சுவரெங்கும் சளி. சளியின் இழைகளில்
சர்க்கரைக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி ஒன்று,
நைட்ரஜன் வால் ஒட்டியது.
வாலைக் கழற்றும் நொதி
எப்போதோ பரணில் போட்டது, தூசி தட்டி எடுத்தது.
கொழுப்புத் துணுக்கை எரிக்கப் பழகியது.
குளுக்கோஸுக்கென்று திறந்து வைத்திருந்த வாசல்களில்
பாதியை அடைத்தது.
வராத விருந்தாளிக்கு எத்தனை நாள்
விளக்கெரிப்பது?

சனிக்கிழமை தட்டைத் திறந்தேன்.
முன்பெல்லாம் அதன் கூட்டம்
சுருங்கிய வால்நட் போலிருக்கும்;
ஓரமெங்கும் நூல் நூலாய்க் கிளம்பி
அகாருக்குள் இறங்கும்.
நூல்தான் அதன் ஆயுதம்:
தோலைத் துளைக்கும், ரத்தத்துக்குள் போகும்,
இன்குபேட்டரில் குறைமாதக் குழந்தையைக் கொல்லும்.
இப்போது வழவழப்பாய், வட்டமாய்,
பொத்தான் மாதிரி.
அண்டை வீட்டார் இல்லாத மனையில்
முள்வேலிக்கு யார் செலவழிப்பார்கள்?
அதைவிட, உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்ய
கையில் கத்தியே இல்லை.

"அப்ப வீக்கா போச்சு," என்றான் கெர்கோ.

உறைபெட்டியைத் திறந்தேன். எண்பது டிகிரி மைனஸ்.
அதன் கொள்ளுத்தாத்தாக்கள் அங்கே
பனியில் தூங்குகிறார்கள், சாகவில்லை.
எழுப்பிப் பேரனோடு மோதவிட்டேன்.
சர்க்கரைக் குடுவையில்
சாயங்காலத்துக்குள் தாத்தா ஜெயித்தார்.
எலிக்குள்
நாலாம் நாள் தாத்தாவைக் காணோம்.

கெர்கோவிடம் சொன்னேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
அவன் மனைவி வியன்னாவுக்குப் போய் ஆறு மாதம்;
மதியம் விற்காத ரொட்டிதான்
அவனுக்கு ராத்திரிச் சாப்பாடு.
"ருசியா இருக்குமா, அந்தச் சளி?" என்று கேட்டான்.
எந்தத் தட்டில் வைத்து அளப்பது அதை?

பதினான்காம் கூண்டுக்காரி
இரண்டு கிராம் எடை கூடியிருக்கிறாள்.
பஞ்சைக் குவித்து, முதுகைக் காட்டித் தூங்குகிறாள்.

திங்கட்கிழமையிலிருந்து
மருந்தில்லாத தண்ணீர் வைக்கச் சொல்லி
பலகையில் எழுதியிருக்கிறார்கள்.
பழைய குடித்தனக்காரர்கள் ஒவ்வொருவராய்த் திரும்புவார்கள்,
சண்டைக்காரர்கள், பசியோடு.
வேலியைப் பிரித்துப் போட்டதுகளின் கதி என்ன?

புட்டிகளைக் கழுவிக் கவிழ்க்கிறேன்.
பதினான்கு.
கடைசிப் புட்டியில் இன்னும் ஒரு துளி
விழாமல் நிற்கிறது.