மூன்றேகால் ஆள்

இரண்டு மருந்துகளும் ஒரே அறையில் இருந்ததில்லை.
ஒன்றை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை
தொடையில் குத்திக்கொண்டார்கள்,
மற்றதை மாதத்துக்கு ஒருமுறை.
வேறு ஊர்கள், வேறு குளிர்காலங்கள்.
முதல் பதினாறு வாரம்
இருவருக்கும் பொதுவாய் ஓர் உறவு இருந்தது,
வெறும் உப்புநீர் ஊசி.
அதன் வழியே தூது போகலாம்.
பிறகு உப்புநீர்க்காரர்களுக்கும் மருந்தே கொடுத்துவிட்டார்கள்.
அதுதான் நியாயம்.
எனக்குத்தான் பாலம் போயிற்று.

ஆகவே துர்க்கு நகரில்,
நாலு மணிக்கே இருட்டும் ஜனவரியில்,
ஆட்களை எடைபோடுகிறேன்.
அந்தப் பக்கத்துச் சராசரி வயதுக்கும்
சராசரித் தடிப்புக்கும் ஈடாகும்வரை
இந்தப் பக்கம் ஒருவரைக் குறைக்கிறேன், ஒருவரைக் கூட்டுகிறேன்.
ஐந்நூற்று எண்பது பேர்
இருநூற்றுப் பதினொரு பேர் ஆனார்கள்.
யாரும் சாகவில்லை,
கணக்கில் மெலிந்தார்கள்.
0417 மட்டும்
மூன்றேகால் ஆளாய்ப் பெருத்துவிட்டார்.

அவரைப் பற்றித் தெரிந்தது:
ஐம்பத்தாறு வயது, ஆண், ஆஸ்துமா உண்டு,
நூற்றுநான்காம் வாரத்தில் அரிப்பு பத்துக்கு இரண்டு.
அந்த இரண்டு
எந்த நேரத்து இரண்டு என்று தெரியாது.
இரத்தப் பொட்டு நின்ற பிறகாவது
வெள்ளைப் படுக்கை விரிப்பு வாங்கினாரா,
அதுவும் தெரியாது.

வியாழக்கிழமை நீச்சல் குளம்.
சவுனாவின் மேல் பலகையில் ஹில்லெவியும் ரௌனியும்.
ஒருத்திக்கு அந்த மருந்து, ஒருத்திக்கு இது,
இருவருக்கும் மூன்றாம் வருஷம்.
முழங்கை மடிப்போடு முழங்கை மடிப்பை
ஒட்டி வைத்துப் பார்த்தார்கள்.
"உனக்குக் கழுத்தில் இன்னும் இருக்கு."
"உனக்குக் கண் சிவந்திருக்கு."
"அது ஊசியால வர்றது. போகட்டும்.
பதினொரு வருஷம்
இந்தச் சூட்டுப் பக்கமே நான் வந்ததில்லை"
என்றபடி ரௌனி
ஒரு கரண்டித் தண்ணீரைக் கல்லில் ஊற்றினாள்.
கல் சீறியது.

"எது மேல்? நீதானே கணக்குக்காரி"
என்றாள் ஹில்லெவி.

விகிதம் ஒன்றுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்
கால் பரப்பி நிற்கிறது என்பதை
அத்தனை வெக்கையில்
உடுத்த ஒரு துண்டும் இல்லாமல் எப்படிச் சொல்ல?
"சரியாகத் தெரியவில்லை" என்றேன்.
"இதற்குச் சம்பளம் வேறயா!"
ஹில்லெவி சிரித்த சிரிப்பில் பலகை ஆடியது.
ரௌனி சிரிக்கவில்லை.
தன் கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

சுவரோரம் நகர்ந்து உட்கார்ந்தேன்.
பக்கத்தில் மூன்று பேருக்கு இடம் இருந்தது.
அவர் வந்தால் உட்காரலாம்,
மீதிக் கால்
கீழே தொங்கும்.