உம் கொட்டுகிறவன்

என் வேலை உம் கொட்டுவது.
சரமாக்கா மன்றில் தலைவரிடம் யாரும்
நேராகப் பேசுவதில்லை.
சொல் முதலில் என்னிடம் வரும்.
மூச்சுக்கு மூச்சு நான் ‘அப்படியே’ என்பேன்.
தோசிலியின் காதுக்குப் போவதற்குள்
அதன் சூடு கொஞ்சம் ஆறியிருக்கும்.

பரமரிபோவிலிருந்து கென்ஸ்மில் வந்தார்.
இரண்டு நாள் படகு,
அருவிகளில் இறங்கித் தள்ளி
இடுப்புவரை ஈரம்.
வந்ததும் வரைபடத்தை விரித்தார்.
தலைவரின் முகத்தைப் பார்த்தே சொன்னார்:
தங்கம். இழப்பீடு. எட்டு வாரம்.

நான் வாய் திறக்கவில்லை.
தோசிலி தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
உம் கொட்டாத பேச்சு
இன்னும் பேசப்படாத பேச்சு.
மறுபடி சொன்னார், உரக்க.
மறுபடியும், செவிடனுக்குச் சொல்வதுபோல.
ஒரு கோழி வரைபடத்தின் மேல் ஏறி
ஆற்றைக் கடந்து போனது.

அதில் எங்கள் ஊர் வெறும் பச்சை.
கரும்புத் தோட்டத்தின் சூட்டுத் தழும்பு தோளில்,
பிள்ளை வயிற்றில்,
அமிம்பா ஓடிவந்த பச்சை.
அவள் முதலில் குனிந்து தண்ணீர் குடித்த ஓடை
எங்கள் எல்லை.
அவள் வயிற்று வழியில் வந்தவர்க்கே நிலம்.
அதனால்தான் தோசிலியின் முக்காலி
மகனுக்குப் போகாது, மருமகனுக்குப் போகும்.

அவர் தொப்பி மட்டும் அரசு தந்தது.
பிடிக்க வந்து பிடிக்க முடியாமல்
சமாதானம் கேட்டவர்கள் தொடங்கிய வழக்கம்.
ஜரிகையை எலி கடித்த இடத்தில்
நோயெலி நீல நூல் போட்டிருக்கிறாள்.

படகோட்டி கென்ஸ்மிலின் காதில் ஏதோ சொன்னான்.
அவர் என் பக்கம் திரும்பினார்.
குரல் தணிந்தது.
மலையைக் குடைவோம் என்றார். அப்படியே.
பாதரசம் ஆற்றில் சேராது என்றார். அப்படியே.
பள்ளிக்கூடம் வரும் என்றார்.
அப்படியே, அப்படியே.
ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் மலர்ந்தது,
ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார்.

கேட்டுவிட்டேன் என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள்.
சரி என்பது அல்ல.

தோசிலி ரம்மை மண்ணில் ஊற்றினார்.
ஆற்றின் மேலே ஒன்பது ஊர்கள் கூட வேண்டும்,
இறந்தவர்களையும் கேட்க வேண்டும்,
எட்டு வாரம் அவர்கள் எழுந்து உட்காரவே போதாது
என்றார், என்னிடம்.
நான் அதைச் சொன்னேன்.
கென்ஸ்மில் அதை எழுதவில்லை.

படகு போய் நான்கு நாள்.
மன்றில் வேறு வழக்கு,
யாரோ ஒருவனின் வலையை யாரோ அறுத்தது.
உம் கொட்டிக்கொண்டே நான் நினைப்பது
அந்தக் குறிப்பேட்டை.
அதில் என் கையெழுத்து இல்லை,
என் குரல் இருக்கிறது,
வரிசையாக, எண் போட்டு.