பற்று

புதுவயல் ரோட்டில், அரிசி ஆலைகளுக்கு நடுவே எங்கள் பட்டறை.
உமி பறந்து வந்து வெல்டிங் மேஜையில் விழுந்து கருகும்.
வைகாசியில் வந்து இறங்கியது அந்தக் கை.
கை மட்டும்.
தோள் உண்டு, முழங்கை உண்டு,
மணிக்கட்டு எந்தப் பக்கமும் திரும்பும்.
ஆள்தான் இல்லை.

சாத்தப்பன் பேரேட்டைத் திறந்து
பற்றுப் பக்கத்தில் எழுதினார்:
கை ஒன்று, பதினெட்டு லட்சம், பேங்க் கடன்.
வரவுப் பக்கம் வெள்ளையாய்க் கிடந்தது.
யூனுஸ் எட்டிப் பார்த்தான்.
"நாம எல்லாருமே பற்ற வைக்கிறவங்கதானே அண்ணே."
அவர் சிரிக்கவில்லை.

கூண்டு கிடையாது, வேலி கிடையாது.
மனுஷர் மேல் இடித்தால் நின்றுவிடும் என்றான்
கோயம்புத்தூரிலிருந்து வந்த ஹரிகேசவன்.
நிரூபிக்கத் தன் தொடையைக் கொடுத்தான். நின்றது.
யூனுஸ் வயிற்றைக் கொடுத்தான். நின்றது.
டீ கொண்டு வந்தவர்கூட
கிளாஸைக் கீழே வைத்துவிட்டு முதுகைக் காட்டினார்.
எனக்கு அந்த ஆசை வரவில்லை.
பதினோரு வருஷம் காரைக்குடி டவுன் பஸ்ஸில் நின்று வந்தவள் நான்.
இடித்தால் நிற்கிற கை
உலகத்தில் உண்டென்று நம்ப
நாளாகும்.

"அழகுநாச்சி அக்கா, உங்க ஓட்டம்தான் சுத்தம், நீங்க பிடிங்க."
பித்தானை அழுத்தினால்
கனமெல்லாம் வடிந்து, கூப்பிட்ட பக்கம் வருகிறது.
எலிவேட்டர் வாளியின் விளிம்பில் டார்ச் முனையை வைத்தேன்.
ஒரு புள்ளி.
இழுத்தேன். இன்னொரு புள்ளி.
மூலையில் திரும்பும்போது
எதிர் ஆலையில் நாலு மணிச் சங்கு.
பள்ளிக்கூடம் விட்டிருக்கும், மழை வேறு இருட்டுகிறது,
பிள்ளை கேட்டில் நிற்பாள் என்று
தலை திரும்பிய நேரம்
கை ஒரு நூல் மேலே போய்விட்டது.
கட்டைவிரல் அதையும் அழுத்திவிட்டது.

மறுநாள்
முதல் வாளி, அந்த மூலை:
கை ஒரு நூல் எழும்பி, நின்று, இறங்கிற்று.
அங்கே மட்டும் பொறி கூடுதலாய்த் தெறித்தது.
இரண்டாவது வாளியிலும்.
அறுபதாவது வாளியிலும்.
அறுபது தடவையும்
யாரையோ கூட்டிவரப் போகவேண்டும் என்று
அதற்கும் ஞாபகம் வந்தது.

சாத்தப்பன் வாட்சைப் பார்த்தார்.
"வாளிக்கு ரெண்டு செகண்ட். மாசம் நாலாயிரம் வாளி.
ரெண்டேகால் மணி நேரம்
இது என்னத்தை நெனச்சுக்கிட்டு நிக்குது?"

திரையில் ஏழாவது புள்ளி.
நீக்கவா என்று கேட்டது.
நீக்கு என்றேன்.
அப்புறம் அவரிடம் திரும்பினேன்.
"அந்த ரெண்டேகால் மணி யார் கணக்குல சேரும்?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை.
ரெண்டு செகண்டுக்கு மேல் ஆயிற்று.

அந்த வாரமே வெட்டுக் கோணலான தகடு ஒரு லோடு வந்தது.
விளிம்புக்கு விளிம்பு ரெண்டு நூல் சந்து.
கை பார்க்கவில்லை. சொன்ன இடத்தில், சொன்ன வேகத்தில்
சந்தின் மேலேயே போய்
தகட்டை ஓட்டை போட்டுவிட்டுப்
பணிவாய் வீட்டு நிலைக்குத் திரும்பியது.
யூனுஸ் கெட்ட வார்த்தை சொன்னான். அது கேட்டுக்கொண்டது.

கோணல் என் பக்கம், நேர் அதன் பக்கம் என்று
மேஜையைப் பிரித்துக்கொண்டோம்.
முகமூடியை இறக்கிச் சந்துக்குள் சொட்டுச் சொட்டாய் நிரப்புகிறேன்.
அந்தப் பக்கம் ஒரே சீராய் நீல வெளிச்சம்.
ராத்திரி தோள் குடைவது பாதியாய்க் குறைந்திருக்கிறது;
இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.
ஒரு நாள் பின்னால் நகரும்போது முழங்கை பட்டுவிட்டது.
நின்றது.
"சாரி" என்றேன்.
நான் தொடரச் சொல்லும்வரை
அப்படியே நின்றது.

மாசக் கடைசியில் சாத்தப்பன் கூப்பிட்டார்.
இருபத்தாறு நாளால் வகுத்து வைத்திருந்தார்.
"நாளைக்கு அஞ்சு நிமிஷம் வருது. எடுத்துக்க."

சங்கு ஊதினால் கையை ஓடவிட்டுப் போகிறேன்.
போக மூன்று நிமிஷம். வர,
அவள் வழியில் ஆட்டுக்குட்டிக்கெல்லாம் நிற்பவள், ஒன்பது.
மீதி ஏழையும்
பற்றில் எழுதுகிறார்.