தொந்தரவு வேண்டாம்

பதினேழு வருஷம் ரிசப்ஷனில் நின்ற கால்கள்
உட்காரச் சொன்னால் இன்றும் யோசிக்கும்.
ஹைவே ஓரத்து அந்த ஹோட்டலை மூடியபோது
மிஞ்சியது ஒரு கறுப்புக் கோட்டும்
யாரைப் பார்த்தாலும் தானாக விரியும் உதடும்.
இரண்டையும் எடுத்துக்கொண்டு
ஓசூர் பாகலூர் ரோட்டில்
இந்த அபார்ட்மெண்டுக்கு மேனேஜராக வந்தேன்.
தொண்ணூற்றாறு வீடு. இரண்டு லிஃப்ட்.
ஒன்று ஓடும்.

முதல் கூட்டத்தில் சொன்னேன்:
இனி வாட்ச்மேன் திம்மராயன்
"எந்த வீடு?" என்று அதட்டமாட்டார்,
பேர் சொல்லி வணக்கம் வைப்பார்.
புதிதாகக் குடிவருபவருக்கு முதல் நாள்
ஒரு கேன் தண்ணீர், பால் பாக்கெட், எரிகிற ஒரு பல்பு.
குழாய் ஒழுகுது என்று எழுதினால்
நான்கு மணி நேரத்தில் ஆள் வரும்,
வராவிட்டால் நான் வருவேன்.
செக்ரட்டரி கோதண்டபாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"சிரிப்பையும் மெயின்டனன்ஸ்ல சேர்ப்பீங்களா?
முதல்ல அந்த லிஃப்டைப் பாருங்க."

சரிதான்.
பார்க்கப் பதினோரு நாள் ஆனது.

அப்புறம்தான் அட்டை.
பி பிளாக் பிரமிளாவுக்கு சிப்காட்டில் நைட் ஷிஃப்ட்.
காலை ஏழுக்கு வந்து படுப்பவளை
எட்டுக்குக் கேபிள்காரர், ஒன்பதுக்குக் கீரைக்காரம்மா,
பத்துக்குக் கூரியர் பையன் எழுப்ப,
ஒருநாள் ஆபீஸில் வந்து நின்றாள்.
சண்டை போடவில்லை. கொட்டாவி விட்டாள்.
எனக்கு அது தாங்கவில்லை.
டி.வி. வந்த பெட்டியை வெட்டி எழுதினேன்:
"தூங்குகிறார். தொந்தரவு வேண்டாம்."
தமிழில், தெலுங்கில், கன்னடத்தில்.
இந்தியை ஒடிசாப் பையன் எழுதிக் கொடுத்தான்,
அதில் பிழை இருக்கிறதாம்.

ஒரு மாதத்தில் அறுபது கதவில் அட்டை.
பரீட்சைக்குப் படிப்பவன் மாட்டினான்,
படிக்காதவனும் மாட்டினான்.
நாத்தனார் வரும் நாளில்
ஒருத்தி மாட்டியதாகப் பேச்சு.
சாக்கம்மா துடைப்பத்தையே கிசுகிசுப்பாகப் போட்டாள்.
எனக்குப் பெருமை. மறைப்பானேன்.

டி பிளாக் நானூற்றி இரண்டு. சென்னகேசவன்.
மூன்றாம் நாளும் அட்டை தொங்கியது.
வாசலில் மூன்று பால் பாக்கெட்,
ஒன்று உப்பியிருந்தது.

ஹோட்டலில் இதற்கு ஒரு விதி உண்டு.
ஒரு நாள் அட்டையை மதி.
இரண்டாம் நாள் போன் செய்.
எடுக்காவிட்டால் தட்டு.
நான் அட்டையை மட்டும் கொண்டுவந்திருக்கிறேன்,
விதியை அங்கேயே விட்டுவிட்டு.

மார்கழிப் பனி வராந்தாவரை வந்திருந்தது.
மூன்று தட்டு, ஓர் இடைவெளி, பழைய பழக்கம்.
"ஹவுஸ்கீப்பிங்" என்று தொண்டைவரை வந்ததை
விழுங்கினேன்.

திறந்தார்.
யூனிஃபார்ம் சட்டைதான் போட்டிருந்தார்,
பையின்மேல் கம்பெனி பேரைப் பிரித்தெடுத்த
நூல் தடம்.
காண்ட்ராக்ட் முடிந்துவிட்டதாம்.
பாலக்கோட்டில் இருக்கும் மனைவிக்குத் தெரியாதாம்.
"பஸ் வர்ற நேரத்துக்கு முழிப்பு மட்டும் வந்துடுது.
அட்டை இருக்கவே
ஏன் போகலைன்னு யாரும் கேக்கலை.
நல்ல ஏற்பாடு சார்."

பதினேழு வருஷம் பழகிய வாக்கியம் எல்லாம்
"வேறு ஏதாவது உதவி?" என்றுதான் முடியும்.
அதைச் சொன்னால்
இல்லை, நன்றி என்பார். கதவைச் சாத்துவார்.
சொல்லவில்லை.
உப்பாத பாக்கெட் ஒன்றை எடுத்துப்போய்
அவர் அடுப்பிலேயே வைத்தேன்.
திரிந்தது.
இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.
ரொம்ப நேரம் கழித்து,
"சக்கரை இருக்கு" என்றார்.

கிண்டினோம். ஒரே ஸ்பூன்தான் கழுவியிருந்தது.
மாறி மாறித் தின்றோம்.
அடிப்பிடித்த வாசனை கோட்டில் இன்னும் இருக்கிறது.

இப்போது எல்லா அட்டையின் பின்னாலும்
ஒரு வரி சேர்த்திருக்கிறேன்:
"இரண்டாம் நாள் தட்டுவோம்."
எதற்கு என்றார் கோதண்டபாணி.
தங்கியிருப்பவர் விஷயம் வெளியே சொல்வதில்லை,
அதுவும் ஹோட்டல் பழக்கம், என்றேன்.
"லிஃப்ட் மறுபடி நின்னுடுச்சு, அது தெரியுமா?"

தெரியும்.
நாலாவது மாடிக்கு
படியேறித்தானே தினமும் போய் வருகிறேன்.