கைமாற்று

ஜூலை. புளூம்ஃபோண்டைனில்
காலை ஆறு மணிக்கு ஸ்பேனர்கூட விரலைக் கடிக்கும்.
கொட்டகைக் கதவைத் தள்ளினால்
முதலில் தெரிவது ஏழு.
எப்போதும் ஏழுதான்.
அது எங்கேயும் போவதில்லை.

மொத்தம் ஒன்பது கட்டினார்கள்.
வரைபடம் எங்களுடையது, உலோகம் எங்களுடையது,
ஆயுதம் தரமாட்டோம் என்ற நாடுகளுக்கு
முகத்திலடித்த பதில் என்றார்கள்.
அப்போது நான் பிறந்திருக்கவில்லை.
பிறந்திருந்தாலும்
அந்தத் தொழிற்சாலை வாசலில்
என் அம்மாவை நிறுத்தி அனுமதிச் சீட்டு கேட்டிருப்பார்கள்.
இன்று அதன் வயிற்றுக்குள்
தோள்வரை கைவிட்டு நிற்பவள் நான்,
சார்ஜென்ட் மட்செலிசோ.

பத்தாவதற்குப் பணம் இல்லை.
பல்சக்கரப் பெட்டி செய்த கம்பெனி
இப்போது தோட்டத்து நாற்காலி செய்கிறது.
உட்கார்ந்து பார்த்தேன்.
நல்ல நாற்காலி.

ஆகவே நான்கின் எரிபொருள் பம்ப் போனால்
ஏழிடம் கேட்போம்.
எட்டின் வால்விசிறிக்கு பேரிங் வேண்டுமா,
ஏழிடம்.
சம்பளத்துக்கு முந்தைய வாரத்துக் கைமாற்று மாதிரி,
தந்துவிடுவோம் என்றுதான் ஒவ்வொரு முறையும் எழுதுகிறோம்.
கழற்றியது ஏழிலிருந்து. பொருத்தியது நான்கில்.
தேதி. என் கையெழுத்து. கெர்பிராண்டின் கையெழுத்து.
பதிவேடு மூன்றாம் தொகுதிக்கு வந்துவிட்டது.
திருப்பித் தந்ததாக ஒரு வரி இல்லை.

போன செவ்வாய்க்கிழமை
தலைநகரிலிருந்து ஆட்கள்.
ஒன்பதும் வரிசையில் நிற்க வேண்டும்.
"ஒன்பதுமா?" என்றான் கெர்பிராண்ட்.
ஒன்பதும் என்றது தொலைபேசி.

இரவு முழுக்க ஏழுக்கு ஒப்பனை.
திறந்து கிடந்த மூடிகளைத் திருகினோம்.
கண்ணாடியைத் துடைத்தோம், இரண்டு முறை.
கனம் போன உடம்பு காற்றுக்கு ஆடியது,
பதினாறு மணல்மூட்டைகளை உள்ளே ஏற்றினோம்.
கெர்பிராண்டின் அக்கா பண்ணையிலிருந்து வந்த சாக்குகள்,
ஒவ்வொன்றிலும் சிரிக்கும் ஒரு பசுமாடு.

வந்தவர்கள் நடந்தார்கள்.
சாம்பல் கோட்டுக்காரர் ஒருவர்
(கெட்டவராகத் தெரியவில்லை)
ஏழின் பக்கத்தில் நின்று
குதிரையைத் தட்டுவதுபோல் விலாவில் தட்டினார்.

டொம்.

காலி டின்னின் குரல்.
அதற்கு பெயின்ட் அடிக்க முடியாது.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் அவர் தோளுக்கு மேலே
பனி உருகாத மஞ்சள் புல்லைப் பார்த்தேன்.
"இது கடைசியாக எப்போது பறந்தது?"
"நேற்று, ஐயா."

பொய்யில்லை.
நேற்று நான்கு பறந்தது, ஏழின் பம்ப்போடு.
எட்டு பறந்தது, ஏழின் பேரிங்கோடு.
இறங்கிவந்த கேப்டன் ஸ்வான்போல்
ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னாள்:
"கால்மிதியில் ஒரு நடுக்கம்.
இருபது நிமிடம் இருக்கிறது, பிறகு காணோம்."
முதல் தொகுதியைத் தேடி எடுத்தேன்.
ஏழு தன் காலில் எழுந்து திரிந்த நாட்களில்
வேறொரு விமானி எழுதிய பக்கம்:
கால்மிதியில் நடுக்கம்,
இருபது நிமிடம், பிறகு இல்லை.
அதையும் சேர்த்தே கொடுத்திருக்கிறது.

கார்கள் போய்விட்டன.
மூட்டைகளை இறக்கவில்லை இன்னும்,
இரண்டுக்கு ஒரு வால்வு வேண்டும் என்று சீட்டு வந்தது.
கழற்றும்போது ஒரு வாஷர் விழுந்தது.
சட்டைப் பொத்தான் அளவு.
விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

கணக்கில் வராத வாஷர் இருக்கும்வரை
யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது. அது விதி.
"ஏழுதானே," என்றான் கெர்பிராண்ட்,
"எங்கே பறக்கப்போகிறது?"
சொல்லிவிட்டு அவனே முதலில் மண்டியிட்டான்.

டார்ச் வெளிச்சத்தில்
பசுமாடுகளை ஒவ்வொன்றாக நகர்த்தினோம்.
தரைத்தகட்டைத் தூக்கினோம்.
காந்தக்கோலை விட்டுத் துழாவினோம்,
வேறு யாரோ என்றோ தொலைத்த ஆணி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது.
அவன் மகனுக்கு அன்று பிறந்தநாள்.
இரண்டு முறை போன் அடித்தது, எடுக்கவில்லை.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது
அவன் கால்சட்டை மடிப்பிலிருந்து உதிர்ந்தது.
இரண்டு பேரும் திட்டினோம்,
அவன் ஆஃப்ரிகான்ஸில், நான் சோத்தோவில்.

சின்னப் பையில் போட்டு,
சீட்டு எழுதிக் கட்டினேன்:
வாஷர், ஒன்று.
உரியது: ஏழு.