பசை அட்டை

லிங்கிச் செட்டித் தெரு, மூன்றாம் மாடி.
சரக்கு ரசீதுகளில்
துறைமுகத்தின் பெயரைத் தின்றுவிட்டு
எடையை மட்டும் விட்டுவைத்திருந்தது எலி.

பூனை வேண்டாம் என்றார் மேனேஜர்,
பாலுக்கு யார் கணக்கு எழுதுவது.
மசால்வடைக்கு வவுச்சர் போட்டோம்:
எலிக்கு, பத்து ரூபாய்.
காலையில் பொறி மூடிக் கிடந்தது.
எலி இல்லை. வடையும் இல்லை.
எல்லாரும் தேசப்பனைத்தான் பார்த்தோம்.

பிறகு பசை அட்டை.
இன்று பீரோவுக்குப் பின்னால்
சுண்டுவிரல் நீளத்தில் ஒன்று,
வயிறு மட்டும் துடித்துக்கொண்டு.
நேற்றுவரை அதன் வம்சத்தையே
வாய்க்கு வந்தபடி வைத ரெஜினாள்
கைப்பையிலிருந்து தேங்காய் எண்ணெய் எடுத்தாள்.
ஒவ்வொரு காலாக.

படிக்கட்டு வரை போய் விட்டுவிட்டு வந்து
கை கழுவி
வருகைப் பதிவேட்டில்
பத்தேகால் என்று எழுதினாள்.

நாளைக்கு அந்தப் பக்கம்
இருக்குமோ என்னவோ.