ஈரப்பதம்

அவர் பாட்டில் என் பெயர் வருமென்று
மூன்றாம் நாளே சொல்லிவிட்டான் ராயப்பன்,
கோணி ஊசியைப் பல்லில் கடித்தபடி:
"எழுத்தரய்யா, இன்னிக்கி ராத்திரி ஒங்க மொறை."

கொள்முதல் நிலையத்துக்கு வெளியே
பதினோரு நாளாய்க் கிடந்தது வைரக்கண்ணுவின் நெல்.
தார்ப்பாய்க்கு மேலே செங்கல், டயர்,
உடைந்த அம்மி ஒன்று.
குவியலை ஒட்டி அவர்.

பகலில் வாய் திறக்க மாட்டார்.
கருவி பத்தொன்பது காட்டும்.
"காயவிடுங்க" என்பேன்.
தலையாட்டிப் போவார்.

இருட்டியதும் காலிக் குடத்தைக் கவிழ்த்து
ரெண்டு தட்டு.
பிறகு கதை.

மரக்காலுக்குள் மெழுகு ஒட்டிக்
கூலி அளந்த மடத்துக் கணக்கன்.
கொரடாச்சேரிச் சந்தையில்
பல் தேய்ந்த மாட்டைக் கன்றென்று வாங்கிய மாப்பிள்ளை.
மதகு திறக்க லாரியில் பூ வந்ததும்
தண்ணீர் வராததும்.
ஒவ்வொன்றிலும் ஊர் உண்டு, கிழமை உண்டு,
தொகை பைசா சுத்தமாய் உண்டு,
என் பட்டியலைவிடத் துல்லியம்.
குவியலுக்குக் குவியல் சிரிப்பு தாவும்,
பீடி நெருப்புகள் நகர்ந்து வந்து அமரும்.

அன்று நான் விளக்கை அணைத்துவிட்டு
சன்னலோரம் உட்கார்ந்தேன்.
மூட்டைக்கு நாற்பது.
என் கையில் நிற்பது அதில் மூன்று.
மீதி முப்பத்தேழு ஏறிப்போகும் படிகள்
பாட்டில் வருமா,
இல்லை, வாங்கும் கை மட்டும்தானா?
பருவகால எழுத்தர்,
அறுவடை முடிந்தால் வீட்டுக்குப் போ என்பார்கள்,
இதை ஓர் அடியில் எப்படிச் சொல்வது?
நானே கட்டிப் பார்த்தேன்.
அடங்கவில்லை.

குடம் தட்டியது.

*எடைபோட வந்தாரு ஏந்தலய்யா ஏந்தலு
தட்டுமேல வெரல்வெச்சா தங்கமய்யா தங்கவெரலு
நாப்பது நாப்பதுன்னு நாவுக்கொரு ருசியாச்சு
நாத்துநட்ட கைக்கெல்லாம் நாளெண்ணிப் பசியாச்சு*

ராயப்பன் வந்தான், ஊசியோடு.
அவனே எல்லோரையும்விட உரக்கச் சிரித்தான்.
கண்காணிப்பாளர் ஜீப்பின் எண் வந்தது.
லாரிக்காரர் வந்தார், லாரிக்காரர் மச்சான் வந்தார்.
நான் வரவில்லை.

எதற்காகவோ எனக்குத் தூக்கம் வரவில்லை.

காலையில் கருவி பதினாறரை காட்டியது.
சலித்து, எடைபோட்டு, தைத்து,
நூற்றுப் பன்னிரண்டு மூட்டை.
பட்டியல் எழுதும்போது தாழ்ந்த குரலில் கேட்டேன்:
"நேத்து என் பேரு வரலியே."
வைரக்கண்ணு கண்ணில் விழுந்த தூசியைத்
துண்டால் ஒற்றிக்கொண்டார்.
"நடக்காததை நான் பாடறதில்ல, தம்பி.
நீங்க இன்னும் எங்கிட்ட வாங்கலையே."

பேனா நின்றது.
வெளியே அடுத்த வண்டி ஆரன் அடித்தது.
ராயப்பன் என்னைப் பார்க்காமல்
நூலில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்.
மகளுக்குக் கட்ட வேண்டிய வேன் பணம்
நினைவுக்கு வந்ததென்று சொன்னால்
அது பொய்யில்லை. முழுசும் உண்மையுமில்லை.
கை பழகிய கை.
நீண்டது.

அவர் எண்ணி வைத்தார்.
எச்சில் தொடாமல், ஒவ்வொரு தாளாய்.
"தொகைய சரியாப் பாத்துக்குங்க.
நாளைக்கித் தப்பா வந்துடக் கூடாது."

அன்றிரவு அவர் இடத்தில்
தார்ப்பாய் அளவுக்கு வெளுத்த தரை,
சிந்திய நெல்லில் இரண்டு எலி.
பக்கத்துக் குவியலில் யாரோ
தகர மூடியைத் தட்டிப் பாடினார்கள்.
நாலாயிரத்து நானூற்று எண்பது வந்தது.
கிழமை வந்தது.
நான் எங்கும் சுருக்கி எழுதும் பெயர்,
சிக்கல் முருகனுக்கு நேர்ந்து வைத்தது,
சிங்காரவடிவேலு,
எட்டெழுத்தும் முழுசாய் வந்து
தட்டில் அழகாய் உட்கார்ந்தது.